லெவல் டிசைனர் போர்ட்ஃபோலியோவில் பார்ப்பவர் எதைத் தேடுகிறார்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி: கேம் உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினில் சொந்தமாக லெவல்கள் (ஆட்டக்காரர் விளையாடிக் கடக்கும் இடங்கள்) செய்து பழகியிருக்கிறீர்கள், அவற்றின் படங்களைக் கலைஞர்கள் தங்கள் வேலையைக் காட்டும் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தில் போட்டிருக்கிறீர்கள், ஜூனியர் லெவல் டிசைனர் வேலைகளுக்கு விண்ணப்பித்தும் எங்கிருந்தும் பதில் இல்லை. தனி வலைத்தளம் வேண்டுமா, எத்தனை ப்ராஜெக்ட் காட்ட வேண்டும், முப்பரிமாண மாடலிங் தெரியாதது ஒரு குறையா, எல்லாம் தயாரான பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டுமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. உங்களை ஒருமுறைகூடச் சந்தித்திராத ஒருவர், சில நிமிடங்களில், "இவருக்கு லெவல் டிசைன் வரும்" என்று எதை வைத்து நம்புவார்? அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற நான்கும் சின்னக் கேள்விகளாகிவிடும்.

நான் பல வருடங்கள் லெவல் டிசைனராக வேலை பார்த்தவன். ஆள் எடுக்கும்போது போர்ட்ஃபோலியோக்களைப் பார்த்து வடிகட்டும் இடத்திலும் இருந்திருக்கிறேன். என் அனுபவம் பெரும்பாலும் முப்பரிமாண ஆக்‌ஷன் கேம்களில்தான். மொபைலில் வரும் புதிர் கேம்களுக்கு லெவல் செய்பவர்களை எடுக்கும் முறை ஓரளவு வேறு. அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வதில் ஒரு பகுதிதான் பொருந்தும்.

முதலில், உறுதியாகச் சொல்லக்கூடியது. நீங்கள் விவரித்தபடி பார்த்தால், உங்கள் பக்கத்தில் இருப்பவை எல்லாம் நல்ல வெளிச்சத்தில், நல்ல கோணத்தில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்கள். கேமின் சுற்றுப்புறத்தை அழகாக உருவாக்கும் என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்டுகள் தங்கள் வேலையை அப்படித்தான் காட்டுவார்கள். பாழடைந்த ஒரு கோட்டை, மஞ்சள் வெயில், ஓரத்தில் கொஞ்சம் மூடுபனி. படம் அழகாக இருக்கலாம். ஆனால் அதைப் பார்க்கும் லீட் டிசைனரின் மனதில் ஓடும் கேள்விகளே வேறு. ஆட்டக்காரர் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறார்? வந்ததும் அவர் கண்ணில் முதலில் படுவது எது? எங்கே போக வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எதிரிகள் எங்கிருந்து வருகிறார்கள், அப்போது ஒதுங்க இடம் இருக்கிறதா? அந்த மேல்மாடத்துக்கு ஏற முடியுமா, ஏறினால் என்ன லாபம்? ஒரே ஒரு படம் இவற்றில் ஒன்றுக்கும் பதில் சொல்லாது. பார்ப்பவர் உங்களை ஆர்ட்டிஸ்ட் என்று முடிவு செய்துவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவார். உங்களுக்குப் பதில் வராததற்கு இது ஒன்றே போதுமான காரணமாக இருக்கலாம்.

கணக்குப் பரீட்சையில் விடையை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்காது, போட்ட வழியையும் பார்ப்பார்கள். இங்கேயும் அதேதான். முடிந்த லெவல் என்பது விடை மட்டும். இந்தச் சுவர் ஏன் இங்கே, இந்தக் கதவு ஏன் இவ்வளவு அகலம், முதலில் எப்படி இருந்தது, விளையாடியவர்கள் என்ன செய்தார்கள், அதைப் பார்த்து எதை மாற்றினீர்கள் என்பதெல்லாம் வழி. ஸ்டுடியோ சம்பளம் கொடுப்பது அந்த வழிக்குத்தான். ஏனென்றால் உங்கள் பக்கத்தில் இருக்கும் லெவலை அவர்கள் வாங்கப்போவதில்லை. நாளைக்கு அவர்களுடைய கேமில், அவர்களுடைய ஆயுதங்களையும் எதிரிகளையும் வைத்து நீங்கள் எப்படி யோசிப்பீர்கள் என்பதைத்தான் ஊகிக்கப் பார்க்கிறார்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். போர்ட்ஃபோலியோ பார்ப்பது எங்களில் யாருக்கும் முழுநேர வேலை இல்லை. தன் லெவலில் தீராத ஒரு சிக்கலோடு மல்லாடிக்கொண்டிருக்கும் டிசைனர், இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவே, வரிசையாக இணைப்புகளைத் திறந்து பார்க்கிறார். முதல் சுற்றில் ஒருவருக்கு ஒன்றிரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. அதில் பிடித்திருந்தால்தான் இரண்டாம் சுற்று, அங்கே நிதானமாகப் படிப்பார்கள். எனவே மேலே இருப்பதெல்லாம் அவசரத்தில் இருப்பவருக்கு, கீழே இருப்பதெல்லாம் நிதானமாகப் பார்ப்பவருக்கு என்று பக்கத்தை அமையுங்கள். முகப்பில் உங்கள் பெயர், "லெவல் டிசைனர்" என்ற சொல், உங்கள் மிகச் சிறந்த வேலைகள், மின்னஞ்சல், ரெஸ்யூமே ஆகியவை ஒரே பார்வையில் தெரிய வேண்டும். "கேம் டெவலப்பர், எழுத்தாளர், இசை ஆர்வலர்" என்றெல்லாம் சேர்த்துப் போட்டால் உங்களை எந்த வேலைக்குப் பார்ப்பது என்றே புரியாது. ஒவ்வொரு ப்ராஜெக்டின் தலைப்பிலும் எந்த எஞ்சின், எவ்வளவு காலம் எடுத்தது, எத்தனை பேர் வேலை பார்த்தீர்கள், அதில் நீங்கள் செய்தது என்ன என்ற நான்கையும் இரண்டே வரியில் சொல்லிவிடுங்கள்.

அதற்கு அடுத்து வர வேண்டியது வீடியோ. லெவலைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருவர் விளையாடிக் காட்டும் சாதாரண வீடியோ போதும். பின்னணி இசையும் வேகமான வெட்டுகளும் கொண்ட டிரெய்லர் வேண்டாம். வெட்டும்போது இடத்துக்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது, நாங்கள் பார்க்க நினைப்பதே அந்தத் தொடர்பைத்தான். இன்னொரு பொதுவான கோளாறு, செய்தவரே விளையாடும்போது வரும் வேகம். அவருக்கு வழி மனப்பாடம், எதிரி எங்கே நிற்கிறான் என்பதும் தெரியும், எனவே எங்கும் நிற்காமல் ஓடிவிடுவார். முதல்முறை வருபவர் எங்கே நிற்பாரோ அங்கே நில்லுங்கள், எதைத் திரும்பிப் பார்ப்பாரோ அதைத் திரும்பிப் பாருங்கள். உங்களுக்குப் பதில் வேறொருவர் விளையாடியதைப் பதிவுசெய்து போட்டால் இன்னும் நல்லது. வீடியோ மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். லெவல் அதைவிட நீளம் என்றால் முழு வீடியோவையும் போட்டு, முக்கியமான இடங்களுக்கு நேரக்குறிப்பு கொடுங்கள். இறக்கி விளையாடும்படி ஒரு பில்டை (ஓட்டிப் பார்க்கக்கூடிய கேம் கோப்பை) இட்ச்.ஐஓ தளத்தில் வைப்பதும் நல்லதுதான். ஆனால் முதல் சுற்றில் யாரும் அதை இறக்கிப் பார்ப்பதில்லை, அலுவலகக் கணினியில் தெரியாத கோப்பை ஓட்ட அனுமதியே இல்லாத இடங்களும் உண்டு. கடைசிப் பட்டியலில் மிஞ்சும் சிலருடைய லெவல்களைத்தான் உட்கார்ந்து விளையாடிப் பார்ப்போம்.

வீடியோவுக்குக் கீழே லெவலை மேலிருந்து காட்டும் வரைபடம் ஒன்று வேண்டும். அன்ரியலில் டாப் வியூவுக்குப் போய், கூரைகளை மறைத்துவிட்டு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அடிப்படை வந்துவிடும். அதன் மேல் முக்கிய வழியை ஒரு வண்ணத்திலும், விருப்பப்பட்டால் போகும் வழிகளை இன்னொரு வண்ணத்திலும் கோடு போடுங்கள். சண்டை நடக்கும் இடங்களுக்கு எண் கொடுங்கள், கீழே எழுதும்போது அதே எண்களைக் குறிப்பிடுங்கள். இரண்டு தளம் இருந்தால் தளத்துக்கு ஒரு படம். பலர் சேர்ந்து விளையாடும் மேப் என்றால், இரு அணிகளும் புறப்படும் இடத்திலிருந்து மோதும் இடத்துக்கு வந்து சேர எவ்வளவு நொடி ஆகிறது, மிக நீளமான பார்வைக் கோடு எது என்பதையும் குறியுங்கள். நான் ஒரு போர்ட்ஃபோலியோவில் மிக அதிக நேரம் நின்று பார்ப்பது இந்த வரைபடத்தைத்தான். யோசித்துச் செய்தவருக்கும் எதையோ அடுக்கிக்கொண்டே போனவருக்கும் உள்ள வித்தியாசம் மேலிருந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

அளவுகள் பற்றியும் ஒரு வார்த்தை. அன்ரியலில் ஓர் அலகு என்பது ஒரு சென்டிமீட்டர், யூனிட்டியில் ஒரு மீட்டர். ஹாஃப்-லைஃப் கேம்களைச் செய்த வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் எஞ்சினில் ஆட்டக்காரரின் உடல் 72 அலகு உயரம், 32 அலகு அகலம். நிஜ வீட்டை அளந்து அப்படியே கட்டினால் மூன்றாம் நபர் பார்வையில் அந்த அறை மூச்சுமுட்டும், ஏனென்றால் கேமரா ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் வருகிறது, அதற்கும் இடம் வேண்டும். குனிந்து ஒளியும் மறைவிடம் எவ்வளவு உயரம், ஓடித் தாவினால் எவ்வளவு தூரம் தாண்டலாம், எந்த உயரத்துக்கு மேல் ஏறவே முடியாது என்பதையெல்லாம் ஒரு சோதனை மேப்பில் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொழிலில் லெவலைத் தொடங்குவோம். அப்படி நீங்கள் செய்த சோதனை மேப்பின் படம் ஒன்றைப் போட்டு, எந்த அளவை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். புதிதாக வருபவர்களில் இதைச் செய்பவர்கள் குறைவு, அதனாலேயே இது கண்ணில் படும்.

அப்புறம் எழுத்து. பெரும்பாலான போர்ட்ஃபோலியோக்கள் நழுவுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அடிக்கடி பார்க்கும் வாசகம் இப்படி இருக்கும்: "வெளிச்சம், வண்ணம், கோடுகள் ஆகியவற்றைப் பயன்படுத்தி ஆட்டக்காரரை வழிநடத்தினேன். சண்டைக்கும் அமைதிக்கும் இடையே நல்ல பேஸிங் அமைத்தேன்." இந்த இரண்டு வாக்கியங்களையும் உலகில் உள்ள எந்த லெவலின் கீழும் ஒட்டலாம். எழுதியவர் பாடத்தைப் படித்திருக்கிறார் என்பதைத் தவிர வேறெதுவும் இதிலிருந்து தெரியாது.

இப்படி எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: "இரண்டாம் முற்றத்தில் ஆட்டக்காரர் இடதுபுறப் படிக்கட்டில் ஏறி மேல்மாடத்துக்குப் போக வேண்டும். விளையாடிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் வலதுபுறம் இருந்த பூட்டிய கதவுக்கே போனார்கள். நுழையும் கோணம் அந்தக் கதவை நேராகக் காட்டியது, அதன் மேல் ஒரு விளக்கும் எரிந்தது. விளக்கை எடுத்துப் பார்த்தேன், போதவில்லை. பிறகு நுழைவழியையே வளைத்தேன். இப்போது உள்ளே வந்ததும் படிக்கட்டின் மேல்முனையும் அங்கே நிற்கும் எதிரியும் முதலில் தெரிகின்றன. அடுத்து விளையாடியவர்கள் யாரும் சொல்லாமலே ஏறினார்கள். ஆனால் வளைவுக்காக முற்றத்தின் ஒரு மூலையைக் குறைக்க வேண்டியிருந்தது, அங்கே இருந்த ஒரு மறைவிடம் போய்விட்டது. அதனால் அந்தச் சண்டையில் எதிரிகளில் ஒருவரைக் குறைத்தேன்." கூடவே மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று எடுத்த இரண்டு படங்கள்.

இந்தச் சின்னப் பத்தியில் நோக்கம் இருக்கிறது, கண்டது இருக்கிறது, காரணம் இருக்கிறது, பலிக்காத முதல் முயற்சியும் பலித்த இரண்டாவது முயற்சியும் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது கடைசி இரண்டு வாக்கியங்கள். ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று கெடுகிறது, அதையும் கவனித்து ஈடுகட்டுகிறார். லெவல் டிசைனர் தினமும் செய்யும் வேலை முழுக்க இதுதான். ஒரு லெவலுக்கு இப்படி இரண்டு மூன்று இடங்களை எழுதினால் போதும். முழு லெவலையும் அறை அறையாக விவரித்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இப்படி எழுதுவது எப்படி என்று பழக விரும்பினால், முடிவெடுத்தவர்களே பேசுவதைக் கேளுங்கள். வால்வ் 2005-இல் வெளியிட்ட ஹாஃப்-லைஃப் 2: லாஸ்ட் கோஸ்ட் என்ற சிறு லெவலில் டெவலப்பர் கமென்டரி இருக்கிறது. விளையாடிக்கொண்டே, செய்தவர்கள் அந்தந்த இடத்தைப் பற்றிச் சொல்வதைக் கேட்கலாம். 2007-இல் வந்த போர்ட்டல் கேமிலும் அது உண்டு. விளையாடிப் பார்த்தவர்கள் எங்கே தடுமாறினார்கள், அதற்காக எதை மாற்றினோம் என்று அவர்கள் சாதாரணமாகப் பேசும் அந்தத் தொனிதான் உங்கள் எழுத்துக்கும் வேண்டும். கேம் டெவலப்பர்களுக்கான ஜிடிசி மாநாட்டில் லெவல் டிசைனர்கள் ஆற்றிய உரைகளும் நிறைய யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அந்த மாதிரி எழுத வேண்டும் என்றால் முதலில் யாராவது உங்கள் லெவலை விளையாட வேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது. தெரிந்தவர்கள் நான்கைந்து பேர் போதும், ஆனால் அவர்கள் எல்லோரும் கேமில் புலிகளாக இருக்கக் கூடாது. அவர்கள் விளையாடும்போது திரையைப் பதிவு செய்யுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காதீர்கள். "அந்தப் பக்கம் பாருங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தச் சோதனை அத்தோடு முடிந்தது. எங்கே நின்றார்கள், எங்கே திரும்பி வந்தார்கள், எங்கே செத்தார்கள், எதைக் கவனிக்கவே இல்லை என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு "நல்லா இருந்ததா?" என்று கேட்காதீர்கள், உங்களை வருத்தப்படுத்த விரும்பாமல் ஆமாம் என்பார்கள். "இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் தீர்வும் சொல்வார்கள், இங்கே ஓர் அம்புக்குறி வைக்கலாம், எதிரியைக் குறைக்கலாம் என்று. தீர்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் அந்த இடத்தில் அவர்களுக்குச் சிக்கல் இருந்தது என்பதை மட்டும் நம்புங்கள். சண்டை கடினம் என்று ஒருவர் சொன்னால், பல நேரம் எதிரியின் பலம் காரணமாக இருக்காது. அவன் எந்தப் பக்கத்திலிருந்து சுடுகிறான் என்பது தெரியாததுதான் காரணமாக இருக்கும்.

இனி உங்கள் கேள்விகள். எத்தனை ப்ராஜெக்ட்? இரண்டு அல்லது மூன்று, எல்லாம் முடிந்தவையாக. பத்து நிமிடத்தில் விளையாடி முடிக்கக்கூடிய, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு லெவல், பாதியில் நிற்கும் ஒரு மணி நேர லெவலைவிட மேல். பக்கத்தில் இருக்கும் மிகப் பலவீனமான வேலையை வைத்துத்தான் உங்கள் ரசனையை அளப்பார்கள், அதனால் பழைய, அரைகுறை வேலைகளை இரக்கம் இல்லாமல் எடுத்துவிடுங்கள். எந்த வகை லெவல்கள் என்பது நீங்கள் போக நினைக்கும் ஸ்டுடியோவைப் பொறுத்தது. கதையோடு நகரும் ஆக்‌ஷன் கேம் செய்பவர்களிடம் அணிக்கு அணி மோதும் மேப் மட்டும் காட்டினால் அவர்களுக்கு முடிவெடுக்கக் கஷ்டம். அவர்கள் செய்யும் வகையில் குறைந்தது ஒன்றாவது இருக்கட்டும்.

லெவலை எங்கே செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. எஞ்சினில் வெறும் மேப்பிலிருந்து தொடங்குபவர்கள் பலர், துப்பாக்கி சுடுவதையும் எதிரியின் அறிவையும் எழுதுவதிலேயே மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் லெவலுக்கு நேரம் இருக்காது, அரைகுறைச் சண்டையில் லெவல் நன்றாக இருக்கிறதா என்றும் சொல்ல முடியாது. ஏற்கெனவே உள்ள ஒரு கேமுக்கு மேப் செய்தால் அந்தப் பாரம் இல்லை. சண்டை சமநிலையில் இருக்கிறது, எதிரிகள் ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள், இடம் மட்டும் உங்கள் பொறுப்பு. 1993-இல் டூம் வந்த பிறகு ரசிகர்கள் தாங்களே எடிட்டர் எழுதி மேப் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த வழியில் வந்து தொழிலில் சேர்ந்தவர்கள் நிறைய. கவுன்டர்-ஸ்ட்ரைக்கே 1999-இல் ஹாஃப்-லைஃபின் மோடாக, அதாவது ரசிகர்கள் மாற்றிச் செய்த வடிவமாகத் தொடங்கியதுதான். அதில் இன்றும் விளையாடப்படும் டஸ்ட் 2 மேப்பை 2001-இல் செய்தவர் டேவ் ஜான்ஸ்டன், அப்போது அவர் பொழுதுபோக்காக மேப் செய்துகொண்டிருந்தவர். இன்றைக்கு வழிகள் இன்னும் அதிகம். க்வேக் மேப்புகளுக்கு ட்ரெஞ்ச்பிரூம் எடிட்டர் இலவசம், வால்வின் கேம்களுக்கு ஹேமர், ஸ்கைரிமுக்கு கிரியேஷன் கிட், ஃபோர்ட்நைட்டுக்காக, அன்ரியலைச் செய்யும் எபிக் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட தனி எடிட்டர். அன்ரியலை விட மனமில்லை என்றால் எபிக் இலவசமாகத் தரும் லைரா மாதிரித் திட்டத்தைப் பாருங்கள். ஓடுவது, சுடுவது எல்லாம் அதில் தயாராக இருக்கிறது. மோட் செய்வதில் இன்னொரு லாபம், முகம் தெரியாதவர்கள் விளையாடிவிட்டு ஒளிவுமறைவில்லாமல் கருத்து எழுதுவார்கள்.

மாடலிங் தெரியாதது குறை இல்லை. சாம்பல் நிறப் பெட்டிகளால் கட்டிய பிளாக்அவுட்டைத் தயங்காமல் காட்டுங்கள், ஸ்டுடியோவிலும் நாங்கள் அதில்தான் வேலை செய்கிறோம். ஆனால் பிளாக்அவுட் என்றால் அலட்சியமாக இருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. நடக்கும் தரை, ஏறக்கூடிய விளிம்பு, மறைவிடம் ஆகியவற்றுக்குத் தனித்தனி வண்ணம் கொடுங்கள், வெளிச்சத்தை ஒழுங்காக அமையுங்கள், ஒரு கட்டடம் கட்டடமாகவும் பாலம் பாலமாகவும் தெரியும்படி உருவம் கொடுங்கள். இலவசமாகவோ விலைக்கோ கிடைக்கும் மாடல்களைப் போட்டு அலங்கரிப்பதிலும் தவறில்லை, யாருடையது என்று எழுதிவிட்டால் சரி. அப்படி அலங்கரித்த லெவல் என்றால், அதே இடத்தின் பிளாக்அவுட் படத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கைத் துல்லியமாகச் சொல்லுங்கள். "லெவல் 3-இன் அமைப்பும் சண்டைகளும் நான், கலை இன்னொருவர், ஸ்கிரிப்டிங்கில் பாதி நான்" என்ற அளவுக்கு. நேர்காணலில் ஒரு கதவைக் காட்டி "இது ஏன் இங்கே?" என்று கேட்டால் உங்களுக்குப் பதில் தெரியாமல் போகும் எதையும் உங்களுடையதாகக் காட்டாதீர்கள். பெரிய குழு கிடைக்கவில்லை என்றால் குளோபல் கேம் ஜாம், லூடம் டேர் மாதிரி, சில நாட்களில் ஒரு கேமைச் செய்து முடிக்கும் ஜாம்களில் சேர்ந்து செய்த சின்ன கேம்கூட, மற்றவர்களோடு வேலை செய்யத் தெரியும் என்பதற்குச் சான்று. நாளைக்கு எங்காவது சேர்ந்து, ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, வெளிவராத கேமின் எதையும் அனுமதி இல்லாமல் பக்கத்தில் போடக் கூடாது. கடவுச்சொல் வைத்துப் பூட்டினாலும் கூடாது.

எந்தத் தளம் என்பது நான்கிலும் மிகச் சின்னக் கேள்வி. வீடியோ, படம், எழுத்து மூன்றையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வைக்க முடிகிற எதுவும் போதும். கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ், விக்ஸ் எல்லாம் சரிதான். ஆர்ட்ஸ்டேஷன் பக்கத்தை மூட வேண்டாம், ஆனால் விண்ணப்பத்தில் கொடுக்கும் முதல் இணைப்பாக அது இருக்க வேண்டாம். கனமான ஜிஃப்களைக் குவித்தால் பக்கம் திறக்கவே நேரமாகும், அவற்றுக்குப் பதில் சிறிய வீடியோத் துண்டுகள் போடுங்கள். அனுப்பும் முன் பிரவுசரின் பிரைவேட் விண்டோவிலும் ஃபோனிலும் ஒருமுறை திறந்து பாருங்கள். யூடியூப் வீடியோ பிரைவேட்டில் மாட்டிக்கொண்டிருப்பது நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்பவற்றில் டிசைனர்களே ஒத்துப்போவதில்லை, என் சாய்வை மட்டும் சொல்கிறேன். ஸ்கிரிப்டிங் எவ்வளவு காட்ட வேண்டும்? சில ஸ்டுடியோக்களில் லெவல் டிசைனரே கதவு திறப்பதிலிருந்து எதிரி வருவதுவரை அன்ரியலின் ஸ்கிரிப்டிங் கருவியான புளூபிரிண்டில் எழுதுவார், சில இடங்களில் அதற்குத் தனி ஆள் உண்டு. எனவே ஒரே ஒரு ஒழுங்கான ஸ்கிரிப்டின் படத்தை, அது என்ன செய்கிறது என்ற விளக்கத்தோடு வைப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறேன். பிரபலமான ஒரு கேமின் லெவலை அலசிக் கட்டுரை எழுதுவது உதவுமா? எனக்கு அவற்றைப் படிக்கப் பிடிக்கும். ஹாஃப்-லைஃப் 2-இல் ரேவன்ஹோம் பகுதிக்குள் நுழைந்ததும், சுவரில் பாய்ந்து நிற்கும் ரம்பத் தகட்டையும் இரண்டாக வெட்டுப்பட்ட உடலையும் காட்டி, பொருட்களை இழுத்து எறியும் கிராவிட்டி கன்னால் தகட்டை எறியலாம் என்று ஒரு சொல்கூட இல்லாமல் கற்றுத் தருவதை நன்றாக விளக்கினால், எழுதியவருக்குக் கண் இருக்கிறது என்று தெரியும். ஆனால் என் சக டிசைனர்கள் சிலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. கூடுதலாக வைக்கலாம், சொந்த லெவலுக்குப் பதிலாக வைக்க முடியாது. கேம் டிசைன் பட்டம் பற்றியும் இப்படித்தான். நான் பார்த்த இடங்களில் பட்டம் இல்லாததால் யாரையும் ஒதுக்கியதில்லை, ஆனால் வேறு நாட்டு வேலைக்கு விசா என்று வரும்போது பட்டம் கேட்கப்படலாம், அது வேறு கணக்கு.

நேரம் சரியில்லாததையும் மறைக்க விரும்பவில்லை. 2023, 2024 இரண்டு வருடங்களிலும் கேம் துறையில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அவர்களில் அனுபவம் உள்ளவர்களும் சின்னப் பதவிகளுக்கு விண்ணப்பித்தார்கள். உங்களுக்கு வராத ஒவ்வொரு பதிலையும் உங்கள் போர்ட்ஃபோலியோவின் மேல் போடாதீர்கள். எத்தனை நல்ல பக்கமாக இருந்தாலும், அந்த வாரம் யார் பார்த்தார்கள், அவர்களுக்கு எந்த வகை ஆள் தேவைப்பட்டது என்பது உங்கள் கையில் இல்லை.

கடைசிக் கேள்வி, எப்போது விண்ணப்பிப்பது. மூன்று லெவலும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே செய்தவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் எடுங்கள். அதில் ஆட்டக்காரர் செய்ய ஒரு வேலை, ஒரு தொடக்கம், ஒரு முடிவு இருக்கும்படி அமைத்து, நான்கு பேரை விளையாட வைத்து, பார்த்ததை வைத்துத் திருத்துங்கள். வீடியோ, வரைபடம், முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு இரண்டு இடங்கள் பற்றிய குறிப்பு, இவ்வளவும் சேர்ந்த ஒரு பக்கம் ஆனதும் விண்ணப்பிக்க ஆரம்பித்துவிடலாம். இரண்டாவது லெவலை அந்தக் காத்திருப்பில் செய்யலாம். பல ஸ்டுடியோக்கள் போர்ட்ஃபோலியோ பிடித்தால் அடுத்து ஒரு டிசைன் டெஸ்ட் கொடுக்கும், குறித்த நாட்களுக்குள் ஒரு சின்ன லெவலைத் திட்டமிட்டோ கட்டியோ விளக்கத்தோடு தர வேண்டும். இந்த ஒரு பக்கத்தைச் செய்து முடித்தவருக்கு அந்த டெஸ்ட் புதிதாகத் தெரியாது.

பக்கம் தயாரானதும் இணைப்பை இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன். போடும்போது, அந்த லெவலில் உங்களுக்கே இன்னும் திருப்தி தராத ஓர் இடம் எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நேர்காணலில் அநேகமாக முதலில் கேட்பதே அதுதான், அங்கிருந்தே பேச ஆரம்பிக்கலாம்.